பத்துக்கு ஆறு பேனர்

எங்க ஸ்கூல் ஆண்டு விழா அன்னைக்கு காலைல ஏழரை மணிக்கு எச்.எம். போன் பண்ணாரு. "சார், கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க." அவ்ளோதான் சொன்னாரு. குரல்ல கோவம் கூட இல்ல, அதான் வயித்தக் கலக்குச்சு. நான் விழுப்புரம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில பகுதிநேர ஓவிய ஆசிரியர். வாரத்துக்கு மூணு அரை நாள்தான் வேலை, ஆனா ஆண்டு விழா, சுதந்திர தினம், யாராவது ரிட்டயர்டு ஆனா வாழ்த்து மடல், இதெல்லாம் வந்தா முழு நாளும் நம்ம நாள்தான். அந்த வருஷம் மேடைக்குப் பின்னாடி கட்டற பேனர் பொறுப்பு என்கிட்ட வந்திருந்துச்சு.

போயி பார்த்தேன். பத்தடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ், ரீப்பர் கட்டையில ஆணி அடிச்சு நிமிர்த்தி வச்சிருந்தாங்க. "வரவேற்கிறோம்"ல வே-யோட கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்காம பின்னாடி போயி ற்-ஐ இடிச்சுகிட்டு நிக்குது. றோ-வுல கொம்பும் காலும் சேர்ந்து ஒரே பக்கமா ஒதுங்கி இருக்கு. "உயர்நிலை"ல அந்த ரெட்டைச் சுழிக் கொம்பு ல-வத் தாண்டிப் போயி தனியா தொங்குது. எச்.எம். முகம் மூணடி உயரத்துக்கு, நெத்தி முழுக்க பாத்ரூம் டைல்ஸ் ஒட்டின மாதிரி கட்டம் கட்டமா. பின்னணிக்கு நான் பார்த்துப் பார்த்து வச்ச கிளிப்பச்சை, காஞ்ச வேப்பிலை கலர்ல வந்திருக்கு. இது போதாதுன்னு ஓரத்துல சிரிச்சுகிட்டு நிக்கற நாலு பசங்க படத்துக்கு மேல ஏதோ ஒரு வெளிநாட்டு போட்டோ வெப்சைட்டோட வாட்டர்மார்க் குறுக்கால ஓடுது. அந்தப் பசங்கள்ல ஒருத்தன் கூட எங்க ஸ்கூல் இல்ல, எங்க மாவட்டமே இல்ல.

பத்து மணிக்கு சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு. பேனர மாத்த நேரமில்ல. நாடகத்துக்கு வச்சிருந்த ரெண்டு நீலத் திரையை இழுத்து பாதிய மறைச்சோம், "வர" மட்டும் தெரிஞ்சுது. எதுக்கு வரன்னு யாரும் கேக்கல.

தப்பு யாரோடதுன்னு கேட்டா, என்னோடதுதான். பத்தாவது பையன் ஒருத்தன் போன்ல டைப் பண்ணி வாட்ஸப்புல கடைக்கு அனுப்புனான், கடைத்தம்பி அதை அப்படியே காப்பி பண்ணி போட்டோஷாப்புல போட்டான், முடிச்சுட்டு எனக்கு சின்னதா ஒரு படம் அனுப்புனான், நான் பஸ்ஸுல நின்னுகிட்டே அதைப் பார்த்துட்டு ரெண்டு விரல் வச்சு பெருசு கூட பண்ணிப் பாக்காம "ஓகே தம்பி, பிரிண்ட் போடு"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இருபது வருஷமா படம் வரையறவன். ஃப்ரீ ஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், லோயர், ஹையர் எல்லாம் அரசு தொழில்நுட்பத் தேர்வுல பாஸ் பண்ணி, டி.டி.சி.-ங்கற ஆசிரியர் சான்றிதழ் படிப்பும் முடிச்சு வந்தவன். ஒரு பேனரப் பாக்கத் தெரியல.

அந்தப் பேனர கழட்டி மடிச்சு மூலையில போட மனசு வரல. சதுர அடி பத்து ரூபா, 60 சதுர அடி, 600 ரூபா. அதைக் கொண்டு போயி ஒன்பதாவது கிளாஸ் பின் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டேன். எச்.எம். பார்த்தா திட்டுவாருன்னு நெனச்சேன், அவரு வந்து பார்த்துட்டு, "என் மூஞ்சிய மட்டுமாவது மறைங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுலேர்ந்து ஒரு வருஷம் எங்க டிராயிங் பீரியடுக்கு அந்தப் பேனர்தான் பாடப்புத்தகம். இந்தப் பதிவு அந்த ஒரு வருஷத்தப் பத்தித்தான்.

அதுக்கு முன்னாடி டிராயிங் பீரியடுன்னா என்னன்னு சொல்லிடறேன், அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத் தெரிஞ்சதுதான். கணக்கு சார் கடன் வாங்கிட்டுப் போற பீரியட். கடன்னா திருப்பித் தரணும், இது தராத கடன். மிச்சம் மீதி கெடைக்கற பீரியட்ல பசங்ககிட்ட "ஏதாவது வரைங்கடா"ன்னு சொன்னா தமிழ்நாடு முழுக்க ஒரே படம்தான் வரும்: ரெண்டு மலை, நடுவுல சூரியன், அதுலேர்ந்து கீழ எறங்குற ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்துல நாலு டிக் மார்க் போட்ட மாதிரி பறவை. எங்க ஊர்ல ஆறே கெடையாது, ஏரிதான். குடிசையில இருக்கறவனும் அந்தப் படத்துல இருக்கற குடிசையத்தான் வரைவான், அவன் வீட்டுக் குடிசைய வரைய மாட்டான். பரீட்சை இல்ல, மார்க் இல்ல. 2012-ல எங்களையெல்லாம், ஓவியம், தையல், இசை, கம்ப்யூட்டர், விளையாட்டுன்னு பதினாறாயிரம் பேருக்கு மேல, மாசம் 5,000 ரூபாய்க்கு பகுதிநேரமா எடுத்தாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. அந்தக் கதைய இங்க ஆரம்பிச்சா பேனருக்கு வர முடியாது, விட்டுடறேன்.

மொதல் கேள்வி பசங்களே கேட்டாங்க. "சார், போன்ல கரெக்டாதான சார் இருந்துச்சு, கடையில போயி எப்படி சார் கொம்பு எடம் மாறுச்சு?"

எனக்கும் தெரியல. ரெண்டு பசங்களக் கூட்டிகிட்டு நேரா கடைக்கே போயிட்டேன். கடைத்தம்பி பாவம், திட்டத்தான் வந்திருக்கோம்னு நெனச்சு டீ சொல்லிட்டான். அவன் டைப் அடிக்கறதப் பார்த்தப்பதான் வெளங்குச்சு. அவன் கம்ப்யூட்டர்ல இருக்கறது பழைய பாமினி ஃபான்ட். அதுல தமிழ்ங்கறதே கிடையாது, உள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் சட்டை போட்டிருக்கும். "தமிழ்"னு அடிக்கணும்னா ஜே, கே, பி, ஓ, செமிகோலன். கொம்பு வேணும்னா கொம்ப மொதல்ல அடிப்பான், எழுத்த அப்புறம் அடிப்பான், கையால எழுதற வரிசையிலேயே. அவன் விரல் போற வேகத்துக்கு நம்மளால வாயால கூட சொல்ல முடியாது. அவன்கிட்டயே டைப் பண்ண விட்டிருந்தா பேனர் சரியா வந்திருக்கும். எங்க பையன் போன்ல அடிச்சது யூனிகோடு, அதாவது எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. யூனிகோடுல வே-ன்னா மொதல்ல வ, அதுக்கு அப்புறம்தான் கொம்பு, அந்த வரிசையிலதான் சேமிச்சு வைக்கும். கொம்பத் தூக்கி முன்னாடி வைக்கிறது சாஃப்ட்வேரோட வேலை. போனுக்கு அந்த வேலை தெரியும். கடையில இருந்த பழைய போட்டோஷாப்புக்குத் தெரியாது. வந்த வரிசையிலயே அடுக்கி வச்சிடுச்சு. புது வெர்ஷன்ல டைப் செட்டிங்ஸ்ல போயி தெற்காசிய மொழிக்கான ஆப்ஷன மாத்தினா சரியாயிடும், அது அப்புறம் தெரிஞ்சுது.

திரும்பி வர்றப்ப அந்த ரெண்டு பேர்ல ஒரு பையன் சொன்னான், "அப்ப நாம எழுதற மாதிரியும் அது யோசிக்கல, பேசற மாதிரி யோசிக்குது சார்." வண்டிய ஓரங்கட்டிட்டேன். ஆமால்ல. வே-ன்னு சொல்றப்ப மொதல்ல வ்-தான வாயில வருது, ஏ அப்புறம்தான. பேசற வரிசையில உள்ள வச்சுகிட்டு எழுதற வரிசையில வெளிய காட்டுது. இதை அவனுக்கு நான் சொல்லித் தரல, எனக்கு அவன் சொன்னான்.

அடுத்தது எச்.எம். நெத்தி. அவரு மறைக்கச் சொன்னாரு, ஆனா அந்த நெத்தி மாதிரி ஒரு பாடம் எங்க கெடைக்கும். கட்டங்கள ஸ்கேல் வச்சு அளக்கச் சொன்னேன். ஒரு கட்டம் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர். ஜேபெக் படம் சுருக்கறப்ப படத்த 8-க்கு 8 பிக்ஸல் துண்டு துண்டா வெட்டித்தான் சுருக்கும், ரொம்ப நசுக்கிட்டா அந்தத் துண்டுங்களோட ஓரம் வெளிய தெரிய ஆரம்பிச்சுடும். அப்போ 18-ஐ 8-ஆல வகுத்தா ஒரு பிக்ஸல் ரெண்டே கால் மில்லிமீட்டர். மூணடின்னா 914 மில்லிமீட்டர். அதுல ரெண்டே கால் எத்தன தடவ போகும்? போர்டுல போட்டுப் பார்த்தா 406 வந்துச்சு. போயி வாட்ஸப்புல வந்த அந்தப் படத்த எடுத்துப் பார்த்தோம், அவரு முகம் மட்டும் உயரம் கிட்டத்தட்ட 400 பிக்ஸல்தான். நெத்திய அளந்தே கண்டுபிடிச்சுட்டோம்னு கிளாஸ்ல ஒரே கைதட்டல். சத்தம் கேட்டு பக்கத்து ரூம்லேர்ந்து கணக்கு சார் வந்து எட்டிப் பார்த்தாரு. போர்டப் பார்த்தாரு. பேனரப் பார்த்தாரு. "இது விகிதம் சார்"னு சொல்லிட்டு சாக்பீஸ என் கைலேர்ந்து வாங்கிகிட்டாரு. அன்னைக்கும் பீரியட் அவருக்குத்தான் போச்சு, ஆனா மொதல் தடவையா எனக்கு வருத்தமில்ல.

அவரே போட்டுக் காட்டினாரு. பத்தடின்னா 120 இன்ச், ஆறடின்னா 72 இன்ச். இன்ச்சுக்கு 72 புள்ளின்னு வச்சாலே 8,640-க்கு 5,184. பெருக்கினா நாலரைக் கோடி புள்ளிக்கு கொஞ்சம் கம்மி. "இவ்ளோ புள்ளி கேக்கற எடத்துக்கு நீங்க வாட்ஸப்புல நசுங்கின பாஸ்போர்ட் சைஸ் படத்தக் குடுத்தா அது எங்கேர்ந்துடா கொண்டு வரும், அதுவா கற்பன பண்ணிக்குமா?" ஒரு பொண்ணு எழுந்து, "இப்ப பண்ணிக்குது சார், ஏ.ஐ.-ல போட்டா"ன்னா. அதுவும் உண்மதான். அடுத்த வாரமே ஒருத்தன் எச்.எம். படத்த ஏதோ ஒரு ஆப்புல போட்டு தெளிவாக்கிக் கொண்டு வந்தான். பளபளன்னு இருந்துச்சு, நெத்தியில ஒரு கட்டம் இல்ல. ஆனா அது எச்.எம். இல்ல, அவரோட சித்தப்பா பையன் மாதிரி யாரோ. எது மாறிப்போச்சுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பென்சில்ல வரையச் சொன்னேன். வலது புருவத்துல அவருக்கு ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு, அத மெஷின் துடைச்சு எறிஞ்சிருந்துச்சு. வரைஞ்ச அப்புறம்தான் எல்லாருக்கும் அது தெரிஞ்சுது, தெனம் பிரேயர்ல பாக்கற மூஞ்சி.

கலர் பாடம் சீக்கிரம் முடிஞ்சுது, ஏன்னா அத ரெண்டே ரெண்டு சோதனையில காட்டிடலாம். போன் ஸ்கிரீன வெள்ளையா வச்சு அதுமேல ஊசி முனை அளவு ஒரு சொட்டுத் தண்ணி. சொட்டு லென்ஸ் மாதிரி பெருசாக்கிக் காட்டும், உள்ள பார்த்தா வெள்ளையே இருக்காது, சிவப்பு, பச்சை, நீலம் மூணும் வரிசையா மின்னிகிட்டு இருக்கும். அப்புறம் தினத்தாள்ல வர்ற கலர் படத்த பூதக்கண்ணாடியில பாருங்க, அங்க வேற ஆளுங்க: சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. ஸ்கிரீன் வெளிச்சத்தக் கூட்டிகிட்டே போயி வெள்ளைக்கு வரும், மை வெளிச்சத்த முழுங்கிகிட்டே போயி கருப்புக்கு வரும். ஸ்கிரீன் அடிக்கற அந்தக் கிளிப்பச்சைய நாலு மையால எட்டிப்பிடிக்க முடியாது. கடைத்தம்பி ஆர்.ஜி.பி., சி.எம்.ஒய்.கே.-ன்னு தெனம் சொல்ற ரெண்டு வார்த்தைக்கு உள்ள இருக்கறது இதுதான். "அப்ப என் ஸ்கிரீன்ல தெரியறது பொய்யா சார்?"னு ஒருத்தன் கேட்டான். பொய்யில்லடா, அது வேற ஊரு, இது வேற ஊரு, அந்த ஊரு காசு இங்க செல்லாதுன்னு சொல்லி வச்சேன்.

இதுவரைக்கும் கம்ப்யூட்டர் தேவைப்படல. இனிமே தேவைப்பட்டுச்சு. ஹைடெக் லேப் இருக்கு, ஆனா அது வினாடி வினாவுக்கும் ஆன்லைன் தேர்வுக்கும், அதுல நாமளா எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது, சாவியும் என்கிட்ட இல்ல. பழைய மாணவங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். அவங்க பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில ப்ளஸ் டூ படிக்கறப்ப கவர்மெண்டு குடுத்த விலையில்லா லேப்டாப், வீட்டுல பரண்ல கெடந்துச்சு. ஒண்ணுக்கு பேட்டரி செத்துப்போச்சு, கரண்ட்ல சொருகுனாத்தான் ஓடும். இன்னொண்ணுக்கு ஒய் பட்டன் இல்ல. ரெண்டுலயும் லினக்ஸ் போட்டு, படம் வரைய, திருத்த உதவற ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா மூணு சாஃப்ட்வேரையும் ஏத்தினேன். மூணும் இலவசம், திருட்டு காப்பி இல்ல. சும்மா பசங்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தர்றதுக்காக இதச் சொல்லல, ஜிம்ப்லயும் இங்க்ஸ்கேப்லயும் யூனிகோடு தமிழ் மொதல் தடவையே கொம்பு உடையாம வந்துச்சு, அதுக்காகச் சொல்றேன். அன்னைக்கு "வரவேற்கிறோம்"னு நாலு தடவ அடிச்சுப் பார்த்தோம்.

முப்பத்திரெண்டு பிள்ளைங்க, ரெண்டு லேப்டாப். ஒருத்தருக்கு வாரத்துல ஆறு நிமிஷம் வந்தா பெருசு. அதனால பேப்பர்ல முழுசா வரைஞ்சு முடிச்சவங்களுக்குத்தான் லேப்டாப்னு ரூல் போட்டேன். வேற வழியில்லாம போட்ட ரூல், ஆனா இன்னைக்கு முப்பத்திரெண்டு லேப்டாப் வந்தா கூட அத எடுக்க மாட்டேன். பேப்பர்ல வரையாம நேரா ஸ்கிரீனுக்குப் போனவன் மொதல் அஞ்சு நிமிஷமும் கோடு போடறது, கன்ட்ரோல் இசட் அடிக்கறது, கோடு போடறது, கன்ட்ரோல் இசட் அடிக்கறதுன்னே இருப்பான். பேப்பர்ல தப்பான கோடு அங்கயே இருக்கும், அதப் பார்த்துதான் அடுத்த கோடு சரியா விழும். ஸ்கிரீன்ல தப்பான கோடு காணாமப் போயிடும், அதனால அதே தப்பு திரும்ப வரும். லீவுல டவுன்ல டிஜிட்டல் ஆர்ட் கிளாஸ்னு ஆயிரக்கணக்குல ஃபீஸ் வாங்கி ரெடிமேட் டெம்ப்ளேட்ல பேர மாத்தச் சொல்லித் தர்றாங்க, அதப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சல்தான், பொறாமைன்னு சொன்னாலும் பரவாயில்ல.

இங்க்ஸ்கேப்ல வளைகோடு போடறது பெரியவங்களுக்கே கஷ்டம். பெசியே கோடுன்னு பேரு. பியேர் பெசியேன்னு பிரான்ஸ்ல ரெனோ கார் கம்பெனி இன்ஜினியர், 1960-கள்ல கார் பாடியோட வளைவ கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி சொல்றதுக்காக இதப் பயன்படுத்தி பிரபலமாக்கினாரு. ஒரு புள்ளி, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் நீட்டிகிட்டு இருக்கற கைப்பிடி, கைப்பிடிய இழுத்தா கோடு வளையும். பசங்க எல்லாம் விரலுக்கு விரல் ஒரு புள்ளி வச்சுத் தள்ளுனாங்க, ஒரு அ எழுத நாப்பது புள்ளி, பார்த்தா கம்பளிப்பூச்சி மாதிரி நடுங்கிகிட்டு இருக்கும். பின் பெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. கிளாஸ்ல வாயே தொறக்காத பொண்ணு. மார்கழியில அவங்க தெருவுல மொதக் கோலம் அவ போடறதுதான்னு மத்த பிள்ளைங்க சொன்னாங்க. அஞ்சுக்கு அஞ்சு நேர்ப்புள்ளி வச்சு சிக்குக் கோலம் போட ஆரம்பிச்சா. ரெண்டு கோடு ஒண்ணை ஒண்ணு வெட்டிகிட்டுப் போற எடத்துல மட்டும்தான் புள்ளி வச்சா. ஓரத்துல சுத்தி வர்ற அந்த முட்டைச் சுழிக்கு நடுவுல புள்ளியே வைக்கல, வெட்டற எடத்துலேர்ந்து கிளம்பி அங்கயே திரும்பி வர்ற ஒரே இழுப்பு, கைப்பிடிய ரெண்டு பக்கமும் நீளமா இழுத்து விட்டா. ஆறு நிமிஷம் ஆகல. "எப்படிம்மா?"ன்னேன். "மாவு எடுத்துகிட்டு போறப்ப வளைவுல கை நிக்கக் கூடாது சார், நின்னா அங்க மாவு கொட்டிடும். வெட்டற எடத்துல நின்னா தெரியாது."

ஊர்ல யாருக்கும் தெரியாத ஒண்ண இங்க சொல்லணும். கோலத்தையும் கம்ப்யூட்டரையும் நாங்க ஒண்ணும் மொதல்ல சேர்த்து வைக்கல. தாம்பரத்துல மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ரெண்டு பேரும், கூட கமலா கிரித்திவாசனும் சேர்ந்து, கோலத்தோட இலக்கணத்த வச்சு கம்ப்யூட்டர் படங்களுக்கான இலக்கணம் பத்தி 1974-லயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க. அந்தப் பொண்ணுகிட்ட இதச் சொன்னேன். "அவங்க வீட்டு வாசல்ல போட்டாங்களா, காலேஜ்ல போட்டாங்களா சார்?"னு கேட்டா.

பேனருக்கு வர்றேன். எழுத்து சரியா வர வச்சாச்சு, ஆனா எழுத்து அழகா இல்ல. ஃபான்ட் எதப் போட்டாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரியோ அரசியல் கட்சி மாதிரியோ இருந்துச்சு. எங்க ஊர்ல பழைய போர்டு பெயிண்டர் ஒருத்தர் இருக்காரு, ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி சுத்துவட்டாரத்துல டீக்கடை போர்டு, சோடா கடை, பம்பு செட்டு, லாரி பின்பக்கம் எல்லாம் அவரு கைதான். இப்ப பால் சொசைட்டியில நைட் வாட்ச்மேன். "அண்ணே, ஒரு நாள் வந்து பிள்ளைங்களுக்கு எழுதிக் காட்டணும்"னேன். "எனாமல், டர்பன்டைன் எல்லாம் வாங்கி வை, பிரஷ் என்கிட்ட இருக்கு"ன்னாரு. அந்த பிரஷ்ஷ எண்ணெயில ஊற வச்சு பேப்பர்ல சுத்தி வச்சிருந்தாரு. எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு, ஒரு முடி கூட விறைக்கல.

ரெண்டு பிள்ளைங்களக் கூப்பிட்டு நீலப்பொடி தடவின நூலச் சுவத்துல இழுத்துப் பிடிக்கச் சொன்னாரு, நடுவுல ஒரு சுண்டு, பளிச்சுனு ஒரு நேர்கோடு. கீழ இன்னொண்ணு. கை ஊணிக்க ஒரு குச்சி, நுனியில துணிப் பந்து. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் விடுவாருன்னு பசங்க நெனச்சாங்க. அவரு ர-வுக்கு ஒரு விரக்கடை, ணி-க்கு மூணு விரக்கடைன்னு கண்ணாலயே பிரிச்சாரு. "எழுத்துக்கு எடம் விடாத, எழுத்துக்கு நடுவுல இருக்கற காலி எடத்துக்கு எடம் விடு"ன்னாரு. கம்ப்யூட்டர்ல கெர்னிங்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுக்கு இதவிட நல்ல விளக்கம் நான் எங்கயும் படிச்சதில்ல.

எழுதி முடிச்சுட்டு பீடி பத்த வைக்கக் கட்டடத்துக்குப் பின்னாடி போனவரு அங்கேர்ந்து என்னையக் கூப்பிட்டாரு. பழைய சத்துணவு ரூம் சுவரு. சுண்ணாம்பு உரிஞ்ச எடத்துல அடியிலேர்ந்து கருநீலத்துல எழுத்து தெரியுது, "உயர்நிலைப்பள்ளி"ங்கறதுல நடுவுல நாலஞ்சு எழுத்து. "எங்கப்பா எழுதினது"ன்னாரு. அந்த லை-யப் பாருங்க, முன்னாடி தனியா கொம்பு கிடையாது. ல-வோட தலையிலேர்ந்தே யானை தும்பிக்கையத் தூக்கின மாதிரி ஒரு வளைவு. பெரியார் 1935-லேர்ந்தே அவரு பத்திரிகையில இந்த மாதிரி எழுத்துங்கள மாத்தி அச்சடிச்சாரு, 1978-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில அரசாணை வந்த அப்புறம்தான் பாடப்புத்தகத்துல இப்ப இருக்கற லை, ணை, னை, ளை எல்லாம் வந்துச்சு. பிள்ளைங்க யாரும் அந்த லை-யப் பார்த்ததே இல்ல. "இது என்ன எழுத்து சார், மலையாளமா?"

அந்த வருஷம் கலைத் திருவிழா, காலாண்டு, மழை லீவுன்னு போயிடுச்சு. நடுவுல ஒரு நாள் பனமலைக்கு பஸ் ஏறிப் போயி தாளகிரீஸ்வரர் கோயில்ல ராஜசிம்ம பல்லவன் காலத்து பார்வதி ஓவியத்தப் பார்த்தோம். சுவத்துல மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான், அந்தச் சாய்ஞ்ச இடுப்பும் தலைக்கு மேல ஒரு குடையும். ஃபிளாஷ் போடாதீங்கடான்னு கத்திகிட்டே இருந்தேன். வெளிய வந்து எல்லாரும் ஞாபகத்துலேர்ந்து வரைஞ்சாங்க, அந்தத் தடவ ஒருத்தர் கூட ரெண்டு மலை நடுவுல சூரியன் போடல.

அடுத்த ஆண்டு விழா வந்துச்சு. சென்னையில 2019-ல பேனர் விழுந்து ஒரு பொண்ணு உயிர் போனதுலேர்ந்தே எச்.எம்.-முக்கு ஃப்ளெக்ஸ்னா ஒரு பயம், போன வருஷம் அவரு நெத்திக்கு நடந்தது வேற. துணியில போடுவோம்னு பிள்ளைங்க கேட்டதும் ஒத்துகிட்டாரு. காடாத்துணி, ரெண்டு துண்டத் தச்சு ஒண்ணு சேர்த்தாங்க. எழுத்த இங்க்ஸ்கேப்ல போட்டு, ஏ4 பேப்பர்ல துண்டு துண்டா பிரிண்ட் எடுத்து, ஒட்டி, ஓரத்துல குண்டூசியால பொடிப்பொடியா ஓட்டை போட்டு, நீலப்பொடி முடிச்ச துணியால தட்டித் தட்டி துணியில புள்ளியா எறக்குனாங்க, அப்புறம் பிரஷ்ஷால நிரப்புனாங்க. பெயிண்டர் அண்ணன் நைட் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் சாயங்காலம் வந்து ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துகிட்டு பேசாம பார்த்துகிட்டு இருந்தாரு. ஓரத்துல எங்க பிள்ளைங்களோட முகமே, அவங்களே ஒருத்தர ஒருத்தர் பார்த்து வரைஞ்சது. வாட்டர்மார்க் இல்ல. பச்சை எல்லாம் கடையில கெடைக்கற டப்பா பச்சை, டப்பாவுல என்ன தெரிஞ்சுதோ அதேதான் துணியிலயும்.

விழா அன்னைக்கு காலைல ஏழரை மணிக்கு போன். "சார், கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க." அதே குரல்.

போனேன். மேடைக்குக் கீழ கையக் கட்டிகிட்டு துணிய அண்ணாந்து பார்த்துகிட்டு நின்னாரு. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மறுபடியும் எழுத்து உடைஞ்சிருக்கே. உயர்நிலை-ல அந்த லை-யப் பாருங்க." அந்தக் கோலம் போடற பொண்ணுதான் பக்கத்துல நின்னா. அவளேதான் அந்த லை-ய சுவத்துலேர்ந்து போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப்ல ஏழே புள்ளியில வளைச்சு எறக்கினவ. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, நானும் அப்பத்தான் பார்க்கறேன். அவ எச்.எம்.-மப் பார்த்து, "உடையல சார், வாங்க காட்டறேன்"னு சொல்லிட்டு முன்னாடி நடக்க ஆரம்பிச்சா. அவரு பின்னாடியே போனாரு.

சத்துணவு ரூம் சுவத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. அந்த லை-மேல விரல் வச்சு ஒரு தடவ மேலேர்ந்து கீழ எழுதிப் பார்த்தாரு. ஏழு வருஷமா இந்த ஸ்கூல்ல இருக்கேனே சார்னு சொன்னாரு, என்கிட்ட சொன்ன மாதிரியும் இல்ல. அப்புறம் பாக்கெட்லேர்ந்து போன எடுத்து கான்ட்ராக்டரக் கூப்பிட்டாரு. அடுத்த வாரம் அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தாராம்.